மலைமேல் ஓர் எஞ்சின்: சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தில் உயரமும் நடைமுறையும்

1. முன்னுரை

இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றுபோனால் மற்றது காப்பாற்றிவிடும் என்பது பயணியின் நம்பிக்கை. சிறிய விமானங்களைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. மிஞ்சியிருக்கும் எஞ்சின் விமானிக்குச் சிறிது காலத்தைச் சம்பாதித்துத் தருகிறது. அந்தக் காலம் எவ்வளவு என்பதைக் கையிலிருக்கும் உயரமும், தரையில் எழுதிவைத்த நடைமுறையும் முடிவு செய்கின்றன. இதை நிறுவ இக்கட்டுரை ஜவ்வாது மலையைக் கணக்கிடும் களமாகவும், 2009இல் பெங்களூருக்கு அருகில் விழுந்த சரஸ் விமானத்தைச் சான்றாகவும் கொள்கிறது.

2. பாதி திறன், பாதிக்கும் குறைந்த பயன்

2.1 ஏறும் வேகம்

எஞ்சின்களின் திறனில் பெரும்பங்கு விமானம் மட்டமாகப் பறப்பதற்கே செலவாகிறது. அதுபோக மிஞ்சுவதுதான் மேலே ஏறப் பயன்படும். ஓர் எஞ்சின் நின்றால் மொத்தத் திறன் பாதியாகும். மிச்சமோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். நிமிடத்துக்கு 1,500 அடி ஏறிய விமானம் 300 அடி ஏறினாலே பெரிது. 6,000 பவுண்டுக்கு, அதாவது 2,722 கிலோவுக்கு மேற்படாமலும் தரையிறங்கும் நிலையில் 61 நாட் வேகத்துக்குள்ளும் பறக்கக்கூடிய சிறிய பிஸ்டன் விமானங்கள், ஓர் எஞ்சினில் மேலேறிக் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் பழைய தகுதி விதிகள் கேட்கவே இல்லை. ஏறுகிறதா இறங்குகிறதா என்று அளந்து எழுதிவைத்தால் போதுமானதாக இருந்தது.

2.2 திரும்பும் விசை

ஒரு பக்கம் மட்டும் உந்துவிசை இருந்தால் விமானத்தின் மூக்கு நின்ற எஞ்சின் பக்கமாகத் திரும்பும். அதைத் தடுக்கச் சுக்கானை எதிர்ப்புறம் மிதிக்க வேண்டும். சுக்கானுக்கு வலுத் தருவது அதன்மேல் பாயும் காற்று. வேகம் குறையக் குறைய மிதியின் வலு குறைந்து, ஒரு கட்டத்தில் முழுக்க மிதித்தாலும் மூக்கு நேராகாது. வேகமானியில் அந்த எல்லையைச் சிவப்புக் கோடு காட்டுகிறது. ஓர் எஞ்சினில் மிக நன்றாக ஏறும் வேகத்தை நீலக் கோடு காட்டுகிறது. விமானியின் கண் ஒட்டியிருக்க வேண்டிய இடம் நீலக் கோடு.

3. ஜவ்வாது மலைமேல் ஒரு கணக்கு

3.1 வெப்பமும் அடர்த்தியும்

ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர், அதாவது ஏறத்தாழ 2,380 அடி உயரத்தில் உள்ளது. அந்த உயரத்துக்கான தரநிலை வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ். கோடையில் 35 டிகிரி அடிக்கும் நாளில் 25 டிகிரி கூடுதல். ஒரு டிகிரிக்குச் சுமார் 120 அடி என்று கணக்கிட்டால், அங்குள்ள காற்று 5,300 அடிக்கு மேலுள்ள காற்றைப் போல மெலிந்திருக்கும். எஞ்சினும் புரொப்பெல்லரும் இறக்கையும் ஒருசேர வலுவிழக்கும்.

3.2 எட்டும் தூரம்

காவலூருக்கு மேலே 9,000 அடியில் 100 நாட் வேகத்தில் பறக்கும் விமானத்தின் ஓர் எஞ்சின் நிற்கிறது என்று கொள்வோம். ஓசூர் ஓடுதளம் நேர்கோட்டில் சுமார் 115 கி.மீ. தொலைவில், சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. செலவழிக்க 6,000 அடி உண்டு. நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் தகடுகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பிவிட்டால் (இதை ஃபெதர் செய்தல் என்பர்) இழுவை குறையும். அதனால் நிமிடத்துக்கு 100 அடி மட்டும் இறங்கினால் 60 நிமிடமும் 185 கி.மீ. தூரமும் கைக்கு வரும். ஃபெதர் செய்யாமல் நிமிடத்துக்கு 500 அடி இறங்கினால் 12 நிமிடமும் 37 கி.மீ. தூரமுமே மிஞ்சும், ஓசூர் எட்டாது. வேலூர் அப்துல்லாபுரம் சுமார் 45 கி.மீ.தான். அது சமவெளியில் தாழ்ந்து கிடப்பதால் எட்டிப்பிடிக்கலாம். எதிர்க்காற்று வீசினால் அதுவும் இல்லை.

3.3 இருள்

விளக்குகளில்லாத வானம் என்பதாலும் இம்மலை வானாய்வகத்துக்கு ஏற்றதாயிற்று. 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு உதவும் அதே இருள், இரவில் எஞ்சின் இழந்த விமானிக்கு முகட்டையும் பள்ளத்தையும் பிரித்துக் காட்டாது. பாலாற்றுச் சமவெளியின் பக்கம் திரும்ப வேண்டும் என்ற முடிவைப் புறப்படும் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

4. நடைமுறையின் வரிசை

முதல் வேலை விமானத்தை நேராகப் பிடித்து நீலக் கோட்டில் வேகத்தை நிறுத்துவது. இரண்டாவது, இரு எஞ்சின்களுக்கும் முழுத்திறன் கொடுத்து, சக்கரத்தையும் இறக்கை மடிப்புகளையும் உள்ளிழுப்பது. மூன்றாவது, நின்றது எது என்று கண்டறிவது: எந்தக் கால் மிதிக்காமல் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றது. நான்காவது, அந்தப் பக்கத் திராட்டிலை மெல்லப் பின்னிழுத்துச் சரிபார்ப்பது. ஓசையும் மூக்கும் மாறாவிட்டால் கணிப்பு சரி. அதன் பிறகே ஃபெதர். உயரம் தாராளமாக இருந்தால், அதற்கு முன் எரிபொருள் குமிழையும் மாக்னெட்டோவையும் பார்த்து மீண்டும் இயக்க முயலலாம்.

நான்காவது படியைத் தாண்டிக் குதித்தால் என்ன நேரும் என்பதற்கு 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் விழுந்த டிரான்ஸ் ஏசியா விமானம் சான்று. வலது எஞ்சின் வலுவிழந்தபோது, நன்றாக ஓடிய இடது எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். இருந்த 58 பேரில் 43 பேர் இறந்தனர்.

5. சரஸ் தரும் சான்று

தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த சரஸ், உடலின் பின்பகுதியில் இரு எஞ்சின்களைக் கொண்டு பின்னிருந்து தள்ளும் வகை விமானம். அதன் இரண்டாவது மாதிரி 2007 ஏப்ரல் 18 அன்று முதன்முறை பறந்தது. 2009 மார்ச் 6 அன்று, சுமார் 9,000 அடியில் ஓர் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தி மீண்டும் இயக்கும் சோதனைக்காக அது பெங்களூரிலிருந்து கிளம்பியது. பிடதிக்கு அருகே சேஷகிரிஹள்ளியில் விழுந்து எரிந்தது. விங் கமாண்டர்கள் பிரவீன் கோட்டேகொப்பா, தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா ஆகிய மூவரும் உயிரிழந்தனர்.

விங் கமாண்டர்கள் இருவரும் விமானப்படையின் சோதனை விமானிகள். எஞ்சின் நிற்கப்போவது முன்கூட்டியே தெரியும். எது நிற்கும் என்பதும் தெரியும். ஆகவே திடுக்கிடலோ தவறான அடையாளமோ இங்கே காரணமாக முடியாது. வடிவமைப்பாளர் வகுத்துக்கொடுத்த மறு இயக்க முறை தவறானது. அதைப் போதாத உயரத்தில் கையாண்டதால் விமானம் விரைந்து உயரம் இழந்தது என்பதே விசாரணையின் முடிவு. பொதுவிதி ஒன்றை இங்கே நினைவுகூரலாம்: ஃபெதரிலிருந்து விடுவித்த புரொப்பெல்லர், எஞ்சின் வலுப்பெறும்வரை காற்றைத் தடுக்கும் தட்டாகவே நிற்கும். எனவே மறு இயக்கம் ஒவ்வொன்றும் உயரத்தைக் கடன் வாங்கும் செயல்.

6. முடிவுரை

9,000 அடி என்பது கடல்மட்டக் கணக்கு. பிடதியின் தரையும் ஜவ்வாது முகடுகளும் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி முன்பே எடுத்துக்கொண்டுவிடுகின்றன. ஆகவே மறு இயக்க முயற்சியை எந்த உயரத்தில் கைவிட வேண்டும் என்பதைக் கீழிருக்கும் தரையிலிருந்து அளந்து, நடைமுறை அட்டையின் முதல் வரியாக அச்சிட வேண்டும். சரஸின் திருத்திய மாதிரி 2018 ஜனவரி 24 அன்று மீண்டும் பறந்தது. இடையில் கழிந்தவை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள்.