எலியூதெராய்: ஓர் எல்லையூரின் பெயர்

எலியூதெராய், பண்டைய கிரேக்கத்தில் அட்டிகாவையும் பியோஷியாவையும் பிரித்த கித்தைரோன் மலையடியில் இருந்த சிற்றூர். ஏதென்ஸிலிருந்து தீப்ஸுக்குப் போகும் கணவாய்ப் பாதை அதையொட்டிச் சென்றது. அதன் பெயர் 'எலியூதெரோஸ்' என்ற சொல்லோடு உறவுடையது. சுதந்திரமுள்ள, அடிமையல்லாத என்பது பொருள்.

அச்சொல் மிகப் பழையது. கி.மு. 1200 வாக்கில் எழுதப்பட்ட, கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனைக் களிமண் பலகைகளில் வரிவிலக்கைக் குறிக்க அது வருகிறது. இலத்தீனின் 'லீபெர்' அதன் உடன்பிறப்பு. 'மக்கள்' என்ற பொருளுடைய பழைய வேரிலிருந்து இரண்டும் கிளைத்தன என்பர். சொந்த மக்கள் கூட்டத்தைச் சேர்ந்தவன் அடிமையாகான் என்ற வழியில் பொருள் நகர்ந்திருக்கிறது. ரோமர்கள் கிரேக்க மதுத் தெய்வமான டயோனிசஸோடு ஒன்றாக வைத்து வணங்கிய தெய்வத்தின் பெயரும் லீபெர்தான்.

எலியூதெராயின் தெய்வமும் டயோனிசஸே. அவர் பியோஷிய நகரங்களை விடுவித்து, அதன் நினைவாக இவ்வூரை நிறுவினார் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ். அப்பல்லோவின் மகன் எலியூதெர் பெயரால் அமைந்தது என்பது வேறொரு கதை. இரண்டும் பெயரைப் பார்த்துப் பின்னர் புனைந்த விளக்கங்களாகவே படுகின்றன.

தீப்ஸ் மீதிருந்த வெறுப்பால் இவ்வூரார் தாமே விரும்பி ஏதென்ஸோடு சேர்ந்தனர் என்று பண்டைய பயண எழுத்தாளர் பவுசானியாஸ் எழுதுகிறார். ஆனாலும் ஏதென்ஸின் 'டீம்' எனும் ஊராட்சிப் பிரிவுகளில் இது இடம்பெறவேயில்லை. ஊருக்குக் கிடைக்காத இடம் அதன் தெய்வத்துக்குக் கிடைத்தது. டயோனிசஸின் மரச்சிலை ஏதென்ஸுக்குப் போனது. அக்ரோபோலிஸின் தென்சரிவில் 'டயோனிசஸ் எலியூதெரியூஸ்', அதாவது எலியூதெராய்க்காரர், என்ற பெயரில் கோயில் கொண்டார். ஏதென்ஸில் ஆண்டுதோறும் அவருக்கு எடுத்த விழாவுக்கு முன் சிலையை நகருக்கு வெளியே அகாடமிக்கு அருகிலிருந்த சிறு கோயிலுக்கு எடுத்துச் சென்று, தீப்பந்த ஒளியில் மீண்டும் நகருக்குள் எழுந்தருளச் செய்வார்கள். எல்லையூரிலிருந்து அவர் வந்த வரவை ஆண்டுதோறும் நடித்துக் காட்டும் சடங்கு அது. ஈஸ்கிலஸ், சோபோக்ளிஸ், யூரிப்பிடிஸ் ஆகியோரின் துன்பியல் நாடகங்கள் பெரும்பாலும் முதலில் மேடையேறியது இவ்விழாவில்தான். நாடகத் தோற்றம் பற்றிய எந்தப் பேச்சும் இச்சிற்றூரைத் தவிர்க்க முடியாது.

அக்கோயிலை ஒட்டிய அரங்கின் முதல் வரிசை நடுவில் சிங்கப்பாதக் கால்களுடன் ஒரு பளிங்கு இருக்கை உள்ளது. டயோனிசஸ் எலியூதெரியூஸின் பூசாரிக்குரியது என்று அதில் பொறித்திருக்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பவுசானியாஸ் எலியூதெராயில் கண்டது மதிலின் ஒரு பகுதியையும் வீடுகளின் இடிபாடுகளையும்தான். கணவாயின் மேல் நிற்கும் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கோட்டையை இன்றைய கிரேக்கர் 'கிஃப்தோகாஸ்த்ரோ', ஜிப்சிக் கோட்டை, என்கிறார்கள்.