மூன்று எழுத்துகளில் ஒரு விமானம்

போர்விமானங்களுக்குப் பெயர் சூட்டும்போது அரசுகள் கவிஞர்களாகிவிடுகின்றன. ஸ்வீடனும் இதற்கு விலக்கல்ல. 1982-இல் பொதுமக்களிடையே போட்டி நடத்தி, தன் புதிய விமானத்திற்குக் 'கிரிபென்' என்று பெயர் வைத்தது. சிங்க உடலும் கழுகுத் தலையும் கொண்ட கற்பனை விலங்கு அது. நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளிக்குத் தூரத்து உறவு எனலாம். ஆனால் அந்த விமானத்தை உண்மையில் விளக்குவது கவிதைப் பெயரன்று, அலுவலகக் குறியீடு. 'ஜாஸ் 39' என்பதன் முதல் மூன்று எழுத்துகளும் மூன்று ஸ்வீடிஷ் சொற்களின் தலையெழுத்துகள்: யாக்ட், அட்டாக், ஸ்பானிங். முதலாவது வானில் எதிரி விமானத்தைத் துரத்துவது; அச்சொல்லின் நேர்ப்பொருள் வேட்டை. இரண்டாவது தரையிலும் கடலிலும் உள்ள இலக்குகளைத் தாக்குவது. மூன்றாவது வேவு.

இம்மூன்றும் ஒரே குறியீட்டில் சேர்ந்ததுதான் செய்தி. இதற்கு முந்தைய விமானமான வீகனில் இவை பிரிந்தே கிடந்தன. தாக்குதலுக்கு ஒரு வகை, வான்போருக்கு ஒரு வகை, நிழற்பட வேவுக்கு ஒன்று, கடல் வேவுக்கு வேறொன்று. உடல் ஏறக்குறைய ஒன்றே. கருவிகளும் பயிற்சியும் வெவ்வேறு. எண்பது இலட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகையும் மிக நீண்ட கடற்கரையும் கொண்ட ஒரு நாட்டிற்கு, எந்த அணியிலும் சேராமல் தன் வானைத் தானே காப்பது பெருஞ்செலவு. காலையில் வேட்டைக்கும் மாலையில் வேவுக்கும் ஒரே விமானமும் ஒரே விமானியும் போதும் என்றால் எண்ணிக்கை குறையும். பல்பணி விமானம் என்பது பெருமிதத்தில் பிறந்தது என்று எண்ணுகிறோம். கிரிபென் சிக்கனத்தில் பிறந்தது. பணியை மாற்றுவது பெரும்பாலும் மென்பொருளின் வேலை. ராடாரும் திரைகளும் விமானி கேட்கும் பணிக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. ஒரு விமானம் மட்டும் ராடாரை இயக்க, உடன் பறப்பவை மௌனமாக இருந்தபடியே தகவல் இணைப்பின் வழியே அதே காட்சியைப் பெறவும் முடியும்.

வடிவத்தைத் தீர்மானித்த இன்னொன்று அச்சம். 1967 ஜூன் 5 அன்று எகிப்தின் விமானப்படை பறக்கும் முன்பே, ஓடுதளங்களிலேயே இஸ்ரேலால் அழிக்கப்பட்டது. ஸ்வீடன் இதைக் கவனமாகப் படித்தது. விமானங்களைத் தளங்களில் குவிக்காமல் நாடெங்கும் சிதறடித்து, காட்டுக்கு நடுவே செல்லும் நெடுஞ்சாலைகளையே ஓடுதளமாக்கும் ஏற்பாட்டை விரிவுபடுத்தியது. ஆகவே கிரிபென் 800 மீட்டர் நீளச் சாலையில் இறங்கி ஏற வேண்டும். இறங்கியதும் அதன் முன் சிறகுகள் கீழ்நோக்கிச் சாய்ந்து, காற்றை எதிர்த்து, முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்துகின்றன. முன்சிறகே பிரேக்கும் ஆகிவிடுகிறது. சாலையோரம் காத்திருப்பவர்கள் ஒரு தொழில்நுட்ப வல்லுநரும், கட்டாயப் படைப்பணிக்கு வந்த ஐந்து இளைஞர்களும். வான்போருக்கு வேண்டிய எரிபொருளையும் ஏவுகணைகளையும் இவர்கள் பத்து நிமிடங்களுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. பத்தொன்பது வயதுப் பையனின் கைக்கு எட்டும் உயரத்தில் மூடிகளும் இணைப்புகளும் அமைய வேண்டும் என்பது ஒரு வடிவமைப்பு விதியாக இருந்தது என்பதை, ஏவுகணைகளின் பட்டியலைக் காட்டிலும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சிறிதாகவும் சுறுசுறுப்பாகவும் இருக்க வேண்டும் என்பதற்குக் கொடுத்த விலைதான் பெரிது. சுமை ஏற்றாத நிலையில் ஏறத்தாழ 7 டன் எடையுள்ள இந்த விமானம், ஒலியின் வேகத்திற்குக் கீழே பறக்கும்போது இயல்பிலேயே நிலையற்றது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். நிலையற்றதுதான் விரைந்து திரும்பும். அதை ஒவ்வொரு கணமும் திருத்தி நிறுத்துவது கணினி. விமானி கட்டுப்பாட்டுத் தண்டை அசைப்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே. எந்த மடலை எவ்வளவு அசைப்பது என்று முடிவெடுப்பது கணினிதான்.

1988 டிசம்பர் 9 அன்று முதல் விமானம் பறந்தது. இரு மாதங்களுக்குள், 1989 பிப்ரவரி 2 அன்று, லின்ஷோப்பிங்கில் தரையிறங்கும்போது அது மூக்கை ஏற்றியும் இறக்கியும் அலைந்து, ஓடுதளத்தில் மோதிப் புரண்டது. சோதனை விமானி லார்ஸ் ரோடஸ்ட்ரோம் காயத்தோடு உயிர் தப்பினார். நான்கரை ஆண்டுகள் கழித்து, 1993 ஆகஸ்ட் 8 அன்று, ஸ்டாக்ஹோமின் நீர்த் திருவிழாவில் பெருங்கூட்டத்தின் தலைக்கு மேல் மீண்டும் கட்டுப்பாடு போயிற்று. விமானி அதே ரோடஸ்ட்ரோம். அவர் இருக்கையோடு வெளியேறினார். விமானம் லோங்ஹோல்மன் தீவில் விழுந்து எரிந்தது. அருகிலிருந்த பாலம் நிறைய மக்கள். ஓர் உயிரும் போகவில்லை என்பதைத் திறமையின் கணக்கில் எழுத முடியாது.

இரண்டிலும் பழுது ஒரே இனத்தது. விமானி பதறி வேகமாகத் தண்டை அசைக்கிறார். மடல்கள் தம் வேக எல்லையை எட்டிவிடுவதால் கட்டளைக்குப் பின்தங்குகின்றன. விமானம் பதிலளிக்கவில்லை என்று எண்ணி அவர் இன்னும் அசைக்கிறார். கைக்கும் கணக்குக்கும் இடையே தாளம் தப்புகிறது. மென்பொருள் திருத்தி எழுதப்பட்டது. 1996-இல் விமானம் படையில் சேர்ந்தது.

எந்த அணியிலும் சேராத நாட்டின் விமானத்திற்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. கிரிபெனின் எஞ்சின் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்404-ஐத் தழுவி வோல்வோ உருவாக்கியது. இது எத்தகைய சார்பு என்பதில் இந்தியாவுக்குப் பழைய அனுபவம் உண்டு. 1970-களின் பிற்பகுதியில் இந்தியா வீகனை வாங்க எண்ணியபோது, அதன் எஞ்சினும் அமெரிக்க மூலம் கொண்டது என்பதால் வாஷிங்டனின் அனுமதி தேவைப்பட்டது. 1978-இல் அனுமதி மறுக்கப்பட்டது. இந்தியா ஜாகுவாரை வாங்கியது. 126 விமானங்களுக்கான பிற்காலப் போட்டியில் கிரிபெனும் வந்து, 2011-இல் வெளியேறியது. கோவையை அடுத்த சூலூரில் 2018 முதல் நிற்கும் தேஜஸ் விமானங்களும் எஃப்404 குடும்பத்து எஞ்சினில்தான் பறக்கின்றன.

அந்த மூன்று எழுத்துகளுக்கு வருவோம். ஸ்வீடன் இவ்விமானத்தை முதன்முதலாகப் போர்ப்பணிக்கு அனுப்பியது 2011-இல், லிபியாவின் மீது. 1960-களின் காங்கோவிற்குப் பின் அந்நாட்டின் போர்விமானங்கள் அத்தகைய பணிக்குச் சென்றது அப்போதுதான். சிசிலியின் சிகோனெல்லா தளத்தில் இறங்கிய எட்டு விமானங்களுக்கும் முதலில் ஏற்ற எரிபொருள் கிடைக்கவில்லை. அங்கிருந்தது அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தும் வேறு வகை. தம் சாலையோரக் காடுகளுக்கென அணு அணுவாகத் திட்டமிட்டவர்கள், அயலூர்த் தளத்தில் என்ன எண்ணெய் இருக்கும் என்று பார்க்கத் தவறினார்கள். தரை இலக்குகளைத் தாக்க அந்த விமானங்களுக்கு அனுமதி இல்லை. அவை படங்கள் எடுத்தன. கடைசி எழுத்து முதலில் பயனுக்கு வந்தது. அந்தப் படங்களைக் கொண்டு குண்டு வீசியவர்கள் பிறர் என்பதால் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ளலாமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

நம் புறத்திணை மரபில் புறப்பொருள் வெண்பாமாலை மதிலைக் காப்பதற்கு நொச்சி என்றும், முற்றுகையிடுவதற்கு உழிஞை என்றும் தனித்தனிப் பூக்களைத் தருகிறது. தொல்காப்பியமோ இரண்டையும் உழிஞைக்குள்ளேயே அடக்கியது. கிரிபென் நொச்சிக்கென்று வரையப்பட்ட விமானம். ஆனால் விற்பனைக்கு வந்த பின் எந்தப் பூவைச் சூடுவது என்பது வாங்கியவர் விருப்பம். ஹங்கேரிக்கும் செக் நாட்டிற்கும் வாடகைக்குப் போயிற்று. தென் ஆப்பிரிக்கா வாங்கியது. 2014-இல் சுவிட்சர்லாந்து மக்கள் பொது வாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள். ஒரு போர்விமானத்தைப் பற்றிக் குடிமக்களிடம் கேட்ட நாடு என்பதற்காகவே அந்தத் தேர்தலை நினைவில் வைத்திருக்கிறேன். 2024 மார்ச்சில் ஸ்வீடனே நேட்டோவில் சேர்ந்துவிட்டது. தனித்து நிற்பதற்கென்று வரைந்த விமானம் இப்போது அணியின் விமானம்.

நடு எழுத்தான தாக்குதல் மட்டும் வெகுகாலம் வெறும் எழுத்தாகவே இருந்தது. 2025 ஜூலையில், கம்போடியாவுடனான எல்லை மோதலில், தாய்லாந்தின் விமானப்படை தன் கிரிபென்களைக் கொண்டு தரை இலக்குகளைத் தாக்கியது. வரைபலகையில் ஏறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பின், முதன்முறையாக. அடுத்த மாதமே தாய்லாந்து மேலும் நான்கு விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது.