வெள்ளாடை உடுத்தோரும் ஒரு வசைச்சொல்லும்

தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது இரும்புலியூர். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாய்க் கிடந்த சிற்றூர். இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. ஆண்டுதோறும் இங்கே நடைபெறும் பெருங்கூட்டத்தின் நாள்களில் வெள்ளாடை உடுத்த ஆண்களும் பெண்களும் இரயிலிலும் பேருந்திலும் வந்து குவிவதை இப்பகுதியில் வாழ்வோர் அறிவர். கழுத்தில் பொட்டுத் தங்கமில்லை, கைகளில் வளையலில்லை. இவர்களே பெந்தெகொஸ்தே மிஷன் சபையினர். முதியோர் பலர் இன்றும் 'சிலோன் பெந்தெகொஸ்தே' என்னும் பழைய பெயரால்தான் இவர்களைக் குறிப்பிடுகின்றனர். இச்சபையின் உலகத் தலைமையிடம் இரும்புலியூரில்தான் அமைந்துள்ளது.

இவர்களைக் 'கல்ட்' என்று அழைப்போர் கிறிஸ்தவரிடையே உண்டு. அவ்வாறு அழைப்போருள் பலர் கத்தோலிக்கர் அல்லர். பிற பெந்தெகொஸ்தே சபையினர் என்பது கருதத்தக்கது. நம் இளைஞர்களும் அச்சொல்லை எளிதாகக் கையாளத் தொடங்கிவிட்டனர். விவிலிய வகுப்பில் ஓர் இளைஞர், "ஃபாதர், அவங்க கல்ட்தானே?" என்று கேட்டார். ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றை எதிர்பார்த்த அக்கேள்விக்கு வரலாற்றின் வழியே விடை தேடுவது நன்று எனத் தோன்றியது.

இயக்கத்தைத் தொடங்கியவர் இராமன்குட்டி. கேரளத்தில் இந்துக் குடும்பமொன்றில் பிறந்து, இளமையிலேயே இலங்கைக்குச் சென்று, கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரின் வீட்டில் பணியாளராக இருந்தவர். அங்கே கிறிஸ்துவை அறிந்து திருமுழுக்குப் பெற்றுப் பவுல் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் உபதேசியாராகவும் பணிபுரிந்தார். (மருந்தை நாடாத சபையை நிறுவியவர் மருத்துவர் வீட்டில் விசுவாசம் பெற்றவர் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.) 1906இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அசுசா தெருவில், கறுப்பினப் போதகர் வில்லியம் சீமோரின் தலைமையில் மூண்ட தீ அடுத்த 20 ஆண்டுகளுக்குள் கொழும்பையும் எட்டியது. வெளிநாட்டு மறைபரப்பாளர் நடத்திய பெந்தெகொஸ்தே கூட்டங்களோடு பவுலும், ஆசிரியரான ஆல்வின் டி ஆல்விசும் சில காலம் தொடர்பு கொண்டிருந்தனர். பின்னர் 1924ஆம் ஆண்டை ஒட்டிக் கொழும்பில் தம் சொந்த இயக்கத்தைத் தொடங்கினர். 1945இல் பவுல் இறந்தபோது அது தென்னிந்தியாவில் நன்கு வேரூன்றியிருந்தது.

அவ்வியக்கத்தின் தனித்தன்மை ஊழியரின் வாழ்க்கைமுறையில் இருந்தது. முழுநேர ஊழியர் மணம் புரிவதில்லை, சொத்து வைத்துக்கொள்வதில்லை, 'விசுவாச வீடு' எனப்படும் இல்லங்களில் பொதுவாழ்வு வாழ்கின்றனர். திருத்தூதர் பணிகள் நூல் எருசலேம் சபையைப் பற்றிக் கூறுவதை அவர்கள் எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டனர். மேனாட்டு மறைபரப்பாளர் பங்களாக்களில் மனைவி மக்களோடும் சமையற்காரரோடும் வாழ்ந்த காலம் அது. கையில் காசின்றி, வெள்ளை வேட்டியும் சேலையுமாய் வீடு வீடாகச் சென்று ஜெபித்தவர்களைக் கண்ட நம் எளிய மக்களுக்கு, இவர்களல்லவோ துறவிகள் என்று தோன்றியிருக்கும். அதில் வியப்பேதுமில்லை.

இந்தியப் பெந்தெகொஸ்தே சபையின் தலைவர்களுள் ஒருவரான கே. இ. ஆபிரகாமுக்கு 1930இல் குருத்துவ அபிஷேகம் செய்துவைத்தவரும் இதே பவுல்தான். சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்தனர். ஒரு சபையில் போதகர் மணம் புரிகின்றனர், மற்றதில் புரிவதில்லை. ஒரே கரத்திலிருந்து அருட்பொழிவு பெற்ற மரபுகளுள் ஒன்று மற்றொன்றைப் 'பிறழ்ந்த கூட்டம்' என நோக்கும் நிலை இவ்வளவு விரைவாக வந்துவிடுகிறது.

இது பெந்தெகொஸ்தே சபைகளுக்கு மட்டும் உரிய நோயன்று. தமிழகத்துக் கிறிஸ்தவம் இத்தகைய சொற்களை மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருக்கிறது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கிய பின்னர், நம்மவராகிய வீரமாமுனிவர் லுத்தரன் சபையாரைப் 'பதிதர்' என்று கடிந்து எழுதினார். 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகிய நூல்கள் அப்போரில் பிறந்தவையே. தேம்பாவணி பாடிய அதே கைதான் அவற்றையும் எழுதியது. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், அவருடைய சபையைச் சேர்ந்த இராபர்ட் தெ நொபிலி மதுரையில் காவி உடுத்துப் பூணூலை அனுமதித்தபோது, அவர் மறையைக் கெடுக்கிறார் எனக் குற்றம் சாட்டியோர் பிற சமயத்தார் அல்லர்; உடன் உழைத்த குருக்களே. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் ஆணை வெளியிட்ட பின்னரே அவ்வழக்கு ஓரளவு தணிந்தது.

அடுத்த முறை எய்தவர்கள் ஆங்கிலிக்கர். நாசரேத்துப் பகுதியில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை, மிஷனரிகளோடு முரண்பட்டு, 1857இல் பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டார். கால்டுவெல் 1849இல் தம் குலத்தாரைப் பற்றி எழுதிய இழிவான சித்திரம் அவர் நெஞ்சைச் சுட்டிருந்தது. சனிக்கிழமை ஓய்வும், தூபமும், பழைய ஏற்பாட்டு முறைகளுமாய் அமைந்த அச்சபையை மிஷனரிகள் பிளவு என்றும் மயக்கம் என்றும் ஏசினர். ஏக இரட்சகர் சபை என்னும் பெயரில் அது இன்றும் வாழ்கிறது. அதைக் கண்டு அஞ்சுவோர் எவருமிலர்.

இவ்வரிசையை நோக்கினால் ஒன்று புலப்படும். முன் வந்தவர் பின் வந்தவரை நோக்கி எய்த சொல்லாகவே இது இருந்துவந்துள்ளது. தொடக்கத்தில் அச்சொல் நம்மீதே எய்யப்பட்டது. ஆளுநர் பெலிக்சின் முன் வழக்குரைத்த தெர்த்துல், புனித பவுலை நசரேயக் கூட்டத்தின் தலைவன் என்று குற்றம் சாட்டினான். அங்கே லூக்கா ஆண்ட கிரேக்கச் சொல் 'ஹைரெசிஸ்'. பரிசேயரையும் சதுசேயரையும் குறிக்க அவர் பயன்படுத்துவதும் அதே சொல்தான்; 'தெரிந்தெடுத்த நெறி' என்பதே அதன் முதற்பொருள். 'கல்ட்' என்பதன் மூலமாகிய 'குல்த்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லோ வழிபாட்டைக் குறிப்பது. புனிதர் வணக்கத்தைக் குறிக்க அச்சொல்லை நாமே குருமடத்தில் நாள்தோறும் கையாண்டோம்!

அச்சொல்லுக்கு இன்றுள்ள அச்சம் பெருமளவு 1978 நவம்பர் 18க்குப் பின் வந்தது. தென் அமெரிக்காவின் கயானா நாட்டில், ஜோன்ஸ்டவுனில், ஜிம் ஜோன்சின் 'மக்கள் ஆலயம்' என்னும் குழுவினர் 900க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் மாண்டனர். நஞ்சு ஊட்டப்பட்ட குழந்தைகளும் அவர்களுள் உண்டு. அந்த ஜிம் ஜோன்ஸ், 'கிறிஸ்துவின் சீடர்கள்' என்னும் மதிப்புமிக்க புரட்டஸ்தாந்து சபையில் முறைப்படி பட்டம் பெற்ற குருவானவர். அவரது ஆலயமும் அச்சபையில் இணைந்ததே. 1995இல் தோக்கியோ சுரங்க இரயிலில் நச்சுவாயு பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோவும் அரசு அங்கீகாரம் பெற்ற சமய அமைப்புத்தான். முத்திரை எங்கே குத்தப்பட வேண்டியிருந்ததோ அங்கே அது குத்தப்படவில்லை.

நம் பகுதிக்கே திரும்புவோம். 1938 டிசம்பரில், அப்போதுதான் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், பன்னாட்டு மறைபரப்பு மாமன்றம் கூடியது. 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 470 பேர் வந்தனர். ஆசிய மண்ணில் வேரூன்றிய திருச்சபை எப்படியிருக்கும் என்று ஹெண்ட்ரிக் கிரேமரும் பிறரும் விவாதித்தனர். சக்கரை, செஞ்சய்யா முதலிய இந்தியச் சிந்தனையாளர் மறுமொழி தந்தனர். அதே பத்தாண்டுகளில், மேனாட்டார் எவருடைய சம்பளமும் பெறாமல், மலையாளியும் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து தாமே நடத்திய சபையொன்று இம்மாகாணத்தில் பரவிக்கொண்டிருந்தது. பின்னாளில் அதன் தலைமையிடம் அக்கல்லூரிக்கு அண்மையிலேயே அமைந்தது. கற்றோர் தேடிய பொருள் கல்லாதோரிடம் இருந்தது என்று முற்றாகச் சொல்லிவிட மாட்டேன். ஆயினும் 1950இல் குளித்தலை அருகே மொன்ஷனேனும் லெசோவும் காவி உடுத்துச் சாந்திவனம் அமைத்ததை நாம் போற்றுகிறோம். அதே துறவை எளியோர் வெள்ளையுடுத்து மேற்கொண்டால் ஐயுறுகிறோம். இதில் சமயக் கோட்பாடு எவ்வளவு, சமூகத் தரம் எவ்வளவு என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இப்போக்கு கிறிஸ்தவரிடம் மட்டும் காணப்படுவதன்று. தாம்பரம் வழியே செந்நிற ஆடையோடு மேல்மருவத்தூர் செல்லும் பெண்களைப் பற்றி ஒரு காலத்தில் எத்தனை ஏளனம்! கருவறையில் பெண்கள் தம் கையாலேயே வழிபாடு செய்வதை மரபாளர் பொறுக்கவில்லை. பங்காரு அடிகளாருக்கு 2019இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2023இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது.

அப்படியாயின் எல்லா இயக்கமும் நன்றே என்று கைகழுவிவிடலாமா? அதுவும் தகாது. 1986 மே மாதத்தில் உரோமை வெளியிட்ட மேய்ப்புப்பணி அறிக்கை, 'செக்ட்' என்னும் சொல்லில் இழிவு கலந்துள்ளதைச் சுட்டி, 'புதிய சமய இயக்கங்கள்' என்னும் நடுநிலைப் பெயரையும் முன்வைத்தது. ஆயினும் தனிமனித உரிமையை நசுக்கும் முறைகளைக் கண்டிக்கவும் தவறவில்லை. பெயரை விடுத்துச் செயலை நோக்குவது அதன் வழி. இரும்புலியூரின் செயல்களை அவ்வாறு நோக்கலாம்.

மணத்துறவை நாம் குறைகூற முடியாது. கூறினால் முதலில் நம் குருமடங்களையே மூடவேண்டும். முழுநேர ஊழியருக்கு மறுமையில் தனிச்சிறப்பு உண்டென்னும் அவர்களது போதனை நமக்கு நெருடலாக இருக்கலாம். ஆனால் கன்னியர்க்கும் மறைசாட்சியர்க்கும் போதகர்க்கும் விண்ணகத்தில் தனி ஒளிமுடி உண்டென்று அக்குவினாத் தோமா எழுதவில்லையா? கேட்கத்தக்க கேள்வி வேறு. உள்ளே வருபவர் உரிய வயதில், உரிய காலம் சிந்தித்து வருகிறாரா? வெளியேற விரும்பினால் கதவு திறக்கிறதா? இக்கேள்விகளை நாம் நம் சொந்த வடுக்களிலிருந்து கற்றோம். பெற்றோர் தம் பெண்மக்களைக் கன்னியர் மடங்களில் வலிந்து தள்ளிய காலம் ஐரோப்பாவில் இருந்தது. ஆதலால்தான் 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், 16 வயதுக்கு முன் வார்த்தைப்பாடு கூடாதென்றது. வலிந்து தள்ளுவோரைச் சபைக்குப் புறம்பாக்கியது. இன்றைய திருச்சபைச் சட்டம் 12 மாத நவதுறவும், குறைந்தது 3 ஆண்டுத் தற்காலிக வார்த்தைப்பாடும், தன் பாவசங்கீர்த்தனக் குருவைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் கேட்கிறது. நம்மிடம் கேட்பதையே எவரிடமும் கேட்பது பகைமையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் தந்தை ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகள் புறநகரில் ஏதோ ஒரு சிறு ஜெபக்குழுவில் சேர்ந்துவிட்டாள். (அக்குழுவுக்கும் இரும்புலியூருக்கும் தொடர்பில்லை.) "அது கல்ட்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஃபாதர்" என்றார். "உங்க பொண்ணு போன் பண்றாளா? கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர விடுறாங்களா? காய்ச்சல்னா டாக்டர்கிட்ட போறாளா?" என்று கேட்டேன். ஒன்றுக்கும் அவருக்கு விடை தெரியவில்லை. வீட்டில் அச்சொல் முதன்முதலாக ஒலித்த நாளிலேயே மகள் பேச்சை நிறுத்திவிட்டாளாம். வெளியார் அக்குழுவைப் பற்றி அறிவதற்கு இருந்த ஒரே வாயில் அவள்தான். அந்த வாயிலை அச்சொல்லே அடைத்துவிட்டது.

எஞ்சியிருப்பது மருந்து பற்றிய கேள்வி. பெந்தெகொஸ்தே மிஷனின் போதனைகளுள் எனக்கு உண்மையான மனத்தாங்கல் இதில்தான். நோயுற்றால் மருந்தை நாடாமல் ஜெபத்தை மட்டுமே நாடவேண்டும் என்பது அவர்கள் கற்பிக்கும் நெறி. இது தோன்றிய காலத்தை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். தாம்பரத்திற்கு அடுத்த இரயில் நிலையம் 'சானட்டோரியம்'. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, அந்நோய்க்கு மருந்தென்று ஒன்றுமே இல்லை. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றையே மருத்துவரால் தர முடிந்தது. நோயாளியைச் சேர்த்துக்கொண்டு, உடனிருந்து, பாடி ஜெபித்த விசுவாச வீடு அன்றைய மருத்துவத்தினின்றும் வெகுதொலைவில் இல்லை. ஏழைக்கு அது ஒருவேளை கூடுதல் ஆறுதலாகவும் இருந்திருக்கும்.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1956இல் சென்னையிலேயே அமைந்த காசநோய் ஆய்வு மையம், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்தால் குணப்படுத்த இயலும் என்பதைச் சில ஆண்டுகளுக்குள் உலகுக்குக் காட்டிற்று. போதனை மாறவில்லை, அதன் விலை மாறிவிட்டது. 1924இல் மருந்தை மறுத்தவர் இழந்தது சொற்பம். இன்று மறுப்பவர் உயிரையே இழக்கக்கூடும்.

புனித யாக்கோபின் திருமுகத்தை அவர்கள் சான்று காட்டுகின்றனர். எண்ணெய் பூசி ஜெபிக்கும் அப்பகுதி நம் நோயில்பூசுதலுக்கும் அடிப்படை. மருத்துவரைக் கடவுளே ஏற்படுத்தினார் என்று போற்றும் சீராக் நூலின் 38ஆம் அதிகாரமோ அவர்கள் கையிலுள்ள விவிலியத்தில் இல்லை. புரட்டஸ்தாந்து மரபு அந்நூலை விலக்கிவிட்டது. ஏடுகளின் அட்டவணை ஒன்று நோயாளியின் படுக்கைவரை நீள்வதை இங்கே காண்கிறோம்.

வளர்ந்தவர் ஒருவர் தன் உடலுக்கான மருந்தைத் தன் விசுவாசத்தின் பொருட்டு மறுத்தால் அவரோடு வாதிடலாம். வலிந்து செய்ய இயலாது. ஆனால் நான்கு வயதுக் குழந்தை எதையும் மறுக்கவில்லை. அதற்காகப் பிறர் மறுக்கின்றனர். பெந்தெகொஸ்தே சபையினருக்கும் நமக்குமிடையே 1972 முதல் பன்னாட்டு உரையாடல் நடந்துவருகிறது. பெந்தெகொஸ்தே மிஷனோ பொதுவாகப் பிற சபைகளோடு கலவாமல் தனித்தே நிற்பது. எனினும் ஒரே தெருவில் வாழும் நமக்கு மேசையும் மாநாடும் தேவையில்லை. அண்டை வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் மூன்றாம் நாளாகத் தணியவில்லை என்றால், கதவைத் தட்டி, "நீங்க ஜெபம் பண்ணுங்க, நானும் பண்றேன், குழந்தைய ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போவோம்" என்று சொல்லலாம். முதல் நாளே அவர்களைக் 'கல்ட்' என்று அழைத்தவருக்கு அக்கதவு திறக்குமா என்பது ஐயமே.