குற்றமும் குற்றக் கணக்கும்

ஒரு நாட்டின் ஒழுக்க நிலையைப் பிறிதொரு நாட்டினதோடும், ஒரு காலத்தினதை மற்றொரு காலத்தினதோடும் ஒப்பிட விழைவோர் முதற்கண் கைக்கொள்ளும் சான்று குற்றக் கணக்கே ஆகும். அக்கணக்கு நிகழ்ந்த குற்றத்தின் அளவைக் காட்டுகின்றதா, பதிந்தோரின் நோக்கைக் காட்டுகின்றதா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

பிரெஞ்சு அரசின் நீதித்துறை, 1825ஆம் ஆண்டிற்குரிய குற்ற வழக்குகளின் கணக்கைத் தொகுத்து 1827இல் வெளியிட்டது. பின்னர் ஆண்டுதோறும் அம்முறையைத் தொடர்ந்தது. வழக்கறிஞரான ஆந்திரே மிசேல் கெரி, 1833இல் வெளியிட்ட தம் நூலில் இக்கணக்கைக் கொண்டு 86 மாவட்டங்களை ஒப்பிட்டார். பொருளைக் கவரும் குற்றங்கள் வடபகுதியிலும், உடலுக்கு ஊறு செய்யும் குற்றங்கள் தென்பகுதியிலும் கார்சிகாத் தீவிலும் மிக்கிருந்தன. முன்னவை குளிர்காலத்திலும் பின்னவை வேனிலிலும் பெருகின. கல்வி குன்றிய இடத்திற் குற்றம் மிகும் என்பது அந்நாளைய பொதுக் கருத்து. எழுத்தறிவு மிக்க வடபகுதியில் பொருட்குற்றமும் மிக்கிருந்தமை அக்கருத்தை ஐயத்திற்கு உள்ளாக்கியது.

அக்காலத்தே பெல்சிய நாட்டு வானநூலறிஞர் அடோல்ப் கெட்லேயும் இத்துறையில் உழைத்தார். குற்ற எண்ணிக்கை ஆண்டுதோறும் பெரிதும் மாறாது வருதலை அவர் கண்டார். எனினும், வெளிப்பட்ட குற்றம், நிகழ்ந்தவற்றுள் ஒரு கூறே என்பதையும் அவர் மறந்தாரல்லர். அறிந்தனவற்றிற்கும் அறியாதனவற்றிற்கும் இடையேயுள்ள விகிதம் ஏறத்தாழ மாறாதது என ஊகித்தே தம் முடிபுகளை நிறுவினார். இவ்வூகம் நிற்குந்துணையும் ஒப்பீடு நிற்கும். வீழின், ஒப்பீடும் வீழும்.

அது வீழ்தற்குச் சென்னை மாகாண வரலாறு தக்க சான்றாகும். 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டம் முதலில் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தையும் உட்படுத்திற்று. அதன்படி, அரசு அறிவித்த சமூகத்தார் பெயரைப் பதிவு செய்து கைரேகை இடவேண்டும். அவர்தம் நடமாட்டத்திற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம். அதனை மீறுதல் தண்டனைக்குரியது. எனவே, இசைவின்றி ஊரைவிட்டுச் செல்லுதல் ஒருவர்க்குக் குற்றமாகவும், அண்டை வீட்டார்க்குக் குற்றமன்றாகவும் அமைந்தது. இவ்வாறு பெருகிய தண்டனை எண்ணிக்கையைக் காட்டி ஒரு சமூகத்தின் இயல்பே குற்றம் என்பாராயின், கணக்கு தான் ஆக்கியதையே தனக்குச் சான்றாகக் கொள்ளும். இப்பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 3-4-1920 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தப்பெற்றது, பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பெற்றது. சட்டம் ஆக்கிய குற்றம் சட்டத்தோடே நீங்கிற்று, மக்களோ அவர்களே.

இவ்வரையறை நம் கல்வெட்டுச் சான்றுகட்கும் பொருந்தும். சோழர் காலக் கல்வெட்டுகள் சில, கருதாது நிகழ்ந்த கொலைக்குக் கழுவாயாகக் கோயிலில் விளக்கெரிக்க ஆடும் பசுவும் அளிக்கப்பெற்றமையைக் கூறுகின்றன. அறக்கட்டளையைப் பதிவு செய்தற்பொருட்டே அச்செய்தி கல்லேறியது. கோயிலுக்குக் கொடை ஈட்டாத சிறு களவு கல்லிற் பொறிக்கப்பெறும் வாய்ப்புக் குறைவு. ஆதலின், அக்கல்வெட்டுகளை எண்ணி, அக்காலத்தே கொலை மிக்கும் களவு குறைந்தும் இருந்தன எனத் துணிதல் பொருந்தாது.

அங்ஙனமாயின் ஒப்பீடு இயலாதோ எனின், அன்று. குற்றங்களுள் கொலை மறைத்தற்கு அரியது. அதன் பொருளும் காலந்தோறும் மிக மாறுவதன்று. ஆதலின், டெட் ராபர்ட் கர் 1981இல் இங்கிலாந்தின் பழைய நீதிமன்ற ஆவணங்கள்பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, 13ஆம் நூற்றாண்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 20ஆக இருந்த கொலை, 20ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 1ஆகக் குறைந்தமையைக் காட்ட இயன்றது. ஆண்டும், பண்டைய மக்கள்தொகை மதிப்பீடே என்பதும், மருத்துவ வளர்ச்சி பல காயங்களைக் கொலையாகாமற் காத்தது என்பதும் கருதத்தக்கன.

இக்காலக் கணக்கிற்கும் இவ்விழிப்பு வேண்டும். இந்திய அரசு 1953 முதல் வெளியிட்டுவரும் ஆண்டறிக்கையில், ஒரே வழக்கிற் பல குற்றங்கள் பதிவாயினும் அவற்றுள் தலையாயது ஒன்றே எண்ணப்படும் முறை உண்டு. ஆகவே, எச்செயல் எவர்க்குக் குற்றமாக்கப்பட்டது, யார் எதன்பொருட்டுப் பதிந்தனர், எம்முறையில் எண்ணினர் என்னும் மூன்றையும் தெளிந்த பின்னரே ஆய்வாளர் இருவேறு எண்களை அருகருகே வைத்தல் தகும்.