காவலுக்கு ஆள் எடுக்குறாங்க!

போன தடவை திண்டுக்கல் போயிருந்தப்ப அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்தான். "மாமா, எஸ்.ஐ. வேலைக்கு அப்ளை பண்ணப் போறேன். தப்பு ஏதும் இருந்தா பாத்துச் சொல்லுங்க" அப்படின்னான். பேரு, பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் நம்பர்னு ஒவ்வொண்ணா அடிச்சுட்டே வந்தவன் பாலினம்ங்கிற இடத்துல நின்னான்.

"இதுல மூணு கட்டம் இருக்கே மாமா. ஒங்க காலத்துலயும் மூணுதானா?"

எங்க காலத்துல எத்தனை இருந்துச்சுன்னு நான் கவனிச்சதே இல்ல. ஆமாங்க, நானும் ஒரு காலத்துல போலீஸுக்குப் போட்டவன்தான். மலைக்கோட்டையைச் சுத்தி மூணு மாசம் விடியக்காலைல ஓடி, தினம் ரெண்டு பச்சை முட்டை குடிச்சு, கடைசில உயரம் அளக்குற கம்பத்துக்குக் கீழ நின்னப்ப ஒண்ணரை சென்டிமீட்டர் குறைஞ்சுது. "அடுத்தாளு வாப்பா"ன்னுட்டாங்க. அஞ்சு செகண்டு வேலை. அந்த ஒண்ணரை சென்டிமீட்டரை இன்னைக்கு வரைக்கும் நான் மன்னிக்கல. :-)

பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். அந்த மூணாவது கட்டம் எப்படி வந்துச்சுன்னு சொல்லணும்னா, காவல் வேலைக்கு "விண்ணப்பம்"னு ஒண்ணு எப்படி வந்துச்சுங்கிறதுல இருந்து ஆரம்பிக்கணும். ஏன்னா நம்ம பக்கத்துல காவலுங்கிறது ரொம்ப காலமா மனு போட்டு வாங்குற வேலையே இல்ல. பொறப்புல வர்ற வேலை.

பாளையக்காரர் காலத்துல திண்டுக்கல் சீமைல மட்டும் இருபதுக்கு மேல பாளையங்கள் இருந்துச்சு. ஊருக்குள்ள பார்க்குற காவல் தலக்காவல். ஒரு வட்டாரம் முழுசுக்கும் பாதைகளுக்கும் சேர்த்துப் பார்த்தா தேசக்காவல். இதுக்கு ஊர்க்காரங்க தானியமாவோ காசாவோ குடுக்கணும். அப்பன் பார்த்த காவலை மகன் பார்ப்பான். களவு போனா காவல்காரன் பொருளைக் கண்டுபிடிச்சுத் தரணும், இல்லன்னா நஷ்டத்தைக் கட்டணும். கேக்கறதுக்கு இப்ப இருக்குற ஏற்பாட்டை விட நல்லாவே இருக்கு, இல்ல? ஆனா அதே ஏற்பாடு மிரட்டலாவும் மாறும். "காவல் கூலி குடுக்கலையா, சரி, ஒன் மாடு பத்திரம்."

1790-ல திண்டுக்கல் கம்பெனி கைக்குப் போச்சு. பாளையக்காரங்களை ஒடுக்கினப்ப அவங்க காவல் உரிமையையும் சேர்த்தே பிடுங்கினாங்க. விருப்பாட்சி கோபால நாயக்கரை 1801-ல இங்கதான் தூக்குல போட்டாங்க. அதுக்கப்புறம் 1816-ல வந்த சட்டப்படி கிராமத்துத் தலைவர், தலையாரி, அவங்களுக்கு மேல தாசில்தார், எல்லாருக்கும் மேல கலெக்டர். வரி வசூல் பண்றதும் திருடனைப் பிடிக்கிறதும் அதே சேவகன்தான். இப்படி ரெண்டும் ஒரே ஆள் கைல இருந்தா என்ன ஆகும்?

என்ன ஆச்சுன்னு 1855-ல வெளியான சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கைல இருக்கு. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன்னு மூணு பேர் சேர்ந்து சென்னை மாகாணம் முழுக்க இருந்து புகார் வாங்கி எழுதினது. வரி கட்டாதவனுக்கும் சந்தேகக் கைதிக்கும் ஒரே வைத்தியம். கிட்டி போடுறது, அதாவது ரெண்டு கட்டைக்கு நடுவுல விரலை வச்சு நசுக்குறது. அண்ணாந்தாள் போடுறது, அதாவது ஆளைக் குனிய வச்சுக் கட்டி வெயில்ல விடுறது. நம்ம தமிழ்ச் சொற்கள் இங்கிலீஷ் அரசாங்க அறிக்கைல ஏறின இடங்கள்ல இதுவும் ஒண்ணு. பெருமைப்பட முடியல.

இதுக்கப்புறம்தான் 1859-ம் வருஷத்து 24-வது சட்டம். வரித்துறையில இருந்து போலீஸைப் பிரிச்சு, மாகாணம் முழுக்க ஒரே படையாக்கி, வில்லியம் ராபின்சன்ங்கிறவரைத் தலைமைல வச்சாங்க. மெட்ராஸ் நகரத்துக்கு ஏற்கனவே தனிக் கமிஷனர் இருந்தார். காவல்காரன்னா சம்பளத்துக்கு ஆள் சேர்த்து, சீருடை குடுத்து, வேணாம்னா வெளிய அனுப்பலாம்ங்கிற நிலைமை நம்ம கிராமங்களுக்கு அப்பத்தான் வந்துச்சு.

(ஆள் எடுக்குறது எல்லா ஊர்லயும் தலைவலிதான் போல. 1829-ல லண்டன் மெட்ரோபாலிடன் போலீஸ் ஆரம்பிச்சப்ப ஒண்ணாம் நம்பர் கான்ஸ்டபிளா சேர்ந்தவரை குடிச்சிருந்தார்னு முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.)

சரி, சம்பளப் போலீஸ் வந்தாச்சு. பழைய காவல்காரங்க எங்க போனாங்க? எங்கயும் போகல. ஸ்டேஷன் தூரத்துல இருந்துச்சு, காவல்காரன் பக்கத்துல இருந்தான். சட்டத்துல இல்லாத காவல் கூலி கிராமத்துல ஓடிட்டேதான் இருந்துச்சு. திருட்டுப் போன மாட்டைத் திருப்பி வாங்கத் துப்புக்கூலி குடுக்குற பழக்கமும் அப்படியே.

1895-96-ல நம்ம திண்டுக்கல் தாலுகா கிராமங்கள்ல இது வெடிச்சுது. அம்மையப்பக் கோன்ங்கிறவர் முன்னால நின்னு, இனிமே கள்ளர் காவல் வேண்டாம், கூலியும் கிடையாதுன்னு ஊர் ஊரா முடிவெடுக்க வச்சார். எல்லாரும் காசு போட்டு ஒரு பொது நிதி. யார் மாடு களவு போனாலும் அதுல இருந்து ஈடு கட்டுறது. அந்த நிதிக்கு ஜனங்க வச்ச பேரு "பண்டு". இங்கிலீஷ் "ஃபண்ட்" நம்ம வாயில பட்ட பாடு! பழனி, பெரியகுளம் பக்கமெல்லாம் பரவிச்சு. நல்ல யோசனையா ஆரம்பிச்சது அதோட நிக்கல. கள்ளர் குடிகளோட வீடுகளுக்குத் தீ வச்சாங்க, பல குடும்பங்கள் ஊரை விட்டே போச்சு. மதுரை மாவட்ட கெசட்டியர்ல பிரான்சிஸ் 1906-ல இதை எழுதியிருக்கார். அவர் எழுத்துல எதிர்த்தவங்க மேல ஒரு சாய்வு இருக்குறதாத்தான் எனக்குப் படுது. காவலைப் பிடுங்கினா அதை நம்பி இருந்தவன் எதைச் சாப்பிடுவான்னு அவர் பெருசா கவலைப்படல.

அடுத்து வந்ததுதான் கொடுமை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. சில வருஷத்துல பிரமலைக் கள்ளர் சமூகத்தை மொத்தமா அதுல சேர்த்துட்டாங்க. குற்றம் செஞ்சவன், செய்யாதவன்னு கணக்கே இல்ல. பத்து விரல் ரேகையும் ஸ்டேஷன் பதிவேட்டுல வைக்கணும். ராத்திரி ஆனா ஸ்டேஷன்லயோ குறிச்ச இடத்துலயோ போய்ப் படுக்கணும். வெளியூர் போகச் சீட்டு வாங்கணும். ரேகை வைக்க மாட்டோம்னு மறுத்த பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு. மாயக்காள்ங்கிற பெண்ணும் செத்தவங்கள்ல ஒருத்தர். தலைமுறை தலைமுறையா ராத்திரி முழிச்சு ஊரைக் காத்தவங்களை, ராத்திரில ஸ்டேஷன்ல வந்து படுன்னு சொன்ன சட்டம் அது. சென்னை மாகாணத்துல 1947-லதான் அது ஒழிஞ்சுது. அப்ப ஆரம்பிச்ச கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்கள்ல நம்ம தலைமுறை வரைக்கும் அதே பேர்ல நடந்துச்சு. அதுல படிச்ச பசங்க எத்தனையோ பேர் போலீஸ் வேலைக்குப் போட்டாங்க. என்கூட கோட்டையைச் சுத்தி ஓடினவன் ஒருத்தன் அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்தான். அவன் தாத்தா ரேகை வச்ச கதையை ஓடும்போது மூச்சு வாங்க வாங்கச் சொல்லுவான். அவனுக்குக் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கல. தேர்வான அன்னைக்கு, "எங்க தாத்தாவை ஸ்டேஷன்ல படுக்க வச்சாங்க, என்னைச் சம்பளம் குடுத்துப் படுக்க வைக்கப் போறாங்கடா"ன்னான்.

எஸ்.ஐ. வேலைக்கு நேரடியா ஆள் எடுக்குறது 1902-03 பிரேசர் கமிஷனோட பரிந்துரை. நாடு முழுக்க சுத்திப் பார்த்துட்டு, போலீஸ்ல லஞ்சமும் அடாவடியும் மிஞ்சிக் கிடக்குன்னு சொன்ன கமிஷன் அது. படிச்சவங்களை நேரா அந்தப் பதவிக்குக் கொண்டு வரணும்னு சொன்னாங்க. படிச்சவங்கன்னா அவங்க கணக்குல ஆம்பளைங்க மட்டும்தான்னு சொல்லத் தேவையில்ல.

பெண்களுக்கு 1973 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. அந்த வருஷம்தான் தமிழ்நாடு காவல்துறைல முதல் தடவையா அவங்களை எடுத்தாங்க. ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, இருபது கான்ஸ்டபிள். அவ்வளவுதான் மொத்தமே. 1976-ல எழுத்தாளர் திலகவதி ஐ.பி.எஸ். ஆனாங்க. நம்மள்ல நிறைய பேருக்கு அவங்க 'கல்மரம்' மூலமாத்தான் பழக்கம், காக்கிச்சட்டை அப்புறம்தான். 1992-ல ஆயிரம் விளக்கு அனைத்து மகளிர் காவல் நிலையம். 2010-ல லத்திகா சரண் மாநிலத்தோட முதல் பெண் டி.ஜி.பி. இருபத்திரண்டு பேர்ல ஆரம்பிச்சு நாற்பது வருஷத்துக்குள்ள ஒரு பெண் துறைக்கே தலைமைல வந்தாச்சு. ஆக ரெண்டாவது கட்டத்தோட கதை இது.

மூணாவது கட்டத்துக்கு வர்றேன். 1991-ல அமைச்ச சீருடைப் பணியாளர் தேர்வாணையம்தான் இப்ப ஆள் எடுக்குது. 2015-ல எஸ்.ஐ. வேலைக்கு அறிவிப்பு வந்தப்ப, சேலத்துல பிறந்து சென்னைல வேலை பார்த்துட்டு இருந்த பிரித்திகா யாஷினி மனு போட்டாங்க. திருநங்கை. கம்ப்யூட்டர் படிச்சவங்க, பெண்கள் விடுதி ஒண்ணுல வார்டனா இருந்தவங்க. மனு தள்ளுபடி ஆச்சு. சான்றிதழ்ல இருக்குற பேரும் மனுல இருக்குற பேரும் வேற வேற. போதாததுக்கு இவங்களை எந்தக் கட்டத்துல போடுறதுன்னும் தெரியல. ஆண், பெண் ரெண்டுதான் இருக்கு.

2014 ஏப்ரல்லயே மூன்றாம் பாலினத்தை அங்கீகரிக்கணும்னு உச்ச நீதிமன்றம் நால்சா வழக்குல தீர்ப்பு சொல்லிருச்சு. ஆனா தீர்ப்பு வேற, கட்டம் வேற இல்லையா? பிரித்திகா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு படிக்கும் போக வேண்டியிருந்துச்சு. எழுத்துத் தேர்வு எழுதவே ஓர் உத்தரவு வேணும். எழுதினா, மூன்றாம் பாலினத்துக்குக் கட்-ஆஃப் மார்க்னு ஒண்ணு இல்ல. உடல் தகுதித் தேர்வுக்கு மறுபடி நீதிமன்றம். நூறு மீட்டர் ஓட்டத்துல ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேல பிந்திட்டாங்க. (இதைப் படிச்சப்ப எனக்கு என் ஒண்ணரை சென்டிமீட்டர் ஞாபகம் வந்துச்சு. ஆனா எனக்குக் கம்பத்துக்குக் கீழ நிக்கவாவது ஓர் இடம் இருந்துச்சு. அவங்க கோர்ட் ஆர்டரைக் கைல வச்சுக்கிட்டு அந்த இடத்துக்கே வந்து சேர வேண்டியிருந்துச்சு.)

2015 நவம்பர் 3-ம் தேதி தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு. எஸ்.ஐ. வேலைக்கு இவங்க தகுதியானவங்கதான். அடுத்து ஆள் எடுக்கும்போது மூன்றாம் பாலினத்துக்கு இடம் வைக்கணும். அதுக்கப்புறம் பயிற்சி எல்லாம் முடிச்சு 2017 ஏப்ரல்ல தர்மபுரில பொறுப்பு ஏத்தாங்க, நாட்டோட முதல் திருநங்கை எஸ்.ஐ.யா. திலகவதியும் தர்மபுரிப் பக்கம் பிறந்தவங்கதான். அந்த ஊர்த் தண்ணில ஏதோ இருக்கு போல!

இதையெல்லாம் அக்கா மகன்கிட்ட சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. பாதில அக்கா ரெண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுட்டா. பையன் பொறுமையா கேட்டுட்டு, "அப்ப அந்த அம்மா ஓடுனப்ப ஒரு செகண்டு லேட்டா மாமா?"ன்னான். அவனுக்கு அதுதான் மனசுல நின்னுருக்கு. தப்பில்ல. ஓடப்போறவனுக்கு வினாடிதானே கவலை.

அவனுக்குச் சிட்டி போலீஸ்ல இருக்கணும்னு ஆசை. திண்டுக்கல்லுக்குக் கமிஷனர் ஆபீஸ் கிடையாது, எஸ்.பி. மாவட்டம்தான். அதனால மதுரைக் கனவு. இது அமையலன்னா கான்ஸ்டபிளுக்கும் போடுவானாம். அதுல எடுத்த உடனே ஸ்டேஷனுக்கு அனுப்ப மாட்டாங்க, முதல்ல ஆயுதப்படை, இல்லன்னா பழனி பட்டாலியன் மாதிரி எங்கயாவதுன்னு சொன்னேன். "பரவால்ல மாமா, காக்கி காக்கிதானே"ன்னான்.

மூணு கட்டத்துல முதல் கட்டத்தை டிக் பண்ணிட்டு அடுத்த பக்கம் போயிட்டான். மறுநாள் காலைல அஞ்சு மணிக்கு என்னை எழுப்பி, கைல செல்போனைக் குடுத்து, ஸ்டாப்வாட்ச் அமுக்கச் சொன்னான். 1500 மீட்டர் ஏழு நிமிஷத்துல ஓடணும். கோட்டை அடிவாரத்துல இன்னும் பத்துப் பதினஞ்சு பேர் ஓடிட்டு இருந்தாங்க. ரெண்டு பொண்ணுங்களும் உண்டு. நம்மாளு ஏழு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. நான் ஏழுன்னு சொல்லிப் பார்த்தேன். போனைப் பிடுங்கிப் பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம திரும்ப ஓட ஆரம்பிச்சுட்டான்.