வேலை கொடுக்கும் வேலை

கல்யாணத் தரகரைப் பற்றி யாரும் காவியம் பாடியதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையில் உட்கார்ந்த பிறகு தரகரை யார் தேடப் போகிறார்கள்? பெரிய தொழிற்சாலைகளின் சரித்திரமும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதலாளியின் பெயர் அதில் இருக்கிறது. யந்திரத்தைக் கண்டுபிடித்தவரின் பெயர் இருக்கிறது. தொழிலாளியின் போராட்டமும் ஓரளவு இருக்கிறது. அந்தத் தொழிலாளியின் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்து, அவனுக்கு நாள் குறித்து, உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்த குமாஸ்தாவைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடைப்பது அரிது. அவருடைய கதையைச் சற்றுப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இப்படி ஒரு குமாஸ்தாவுக்கு அவசியமே இருக்கவில்லை. எல்லாம் மேஸ்திரியின் ராஜ்யந்தான். விடியற்காலையில் வாசலில் கூட்டம் கூடும். மேஸ்திரி வெளியே வந்து, "நீ வா, நீ வா" என்று விரலை நீட்டுவார். விரல் நீளும் திசையை அவருடைய உறவும், சொந்த ஊர்ப் பாசமும், வீடு தேடி வந்த சுருட்டும் சாராயமும் தீர்மானித்தன. வேலையிலிருந்து நீக்குவதும் அதே விரல்தான். 1901-ல் டேட்டன் நகரத்து நேஷனல் காஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் பெரிய தகராறு மூண்டு தொழிற்சாலை மூடப்பட்டது. அது தீர்ந்த பின்னர் முதலாளி ஜான் பாட்டர்ஸன், தொழிலாளர் விவகாரங்களைக் கவனிப்பதற்கென்றே தனி இலாகா ஒன்றை ஏற்படுத்தினார். மேஸ்திரியின் அதிகாரத்தில் ஒரு பங்கு காகிதத்துக்கும் பேனாவுக்கும் கைமாறத் தொடங்கியது.

அந்தக் காகிதக் கட்டு எவ்வளவு பெரியதாக வளரக்கூடும் என்பதை ஹென்றி போர்டின் மோட்டார்த் தொழிற்சாலை காட்டிற்று. 1913-ல் அங்கே இருந்த வேலையாட்கள் சுமார் 14,000 பேர். அந்த இடங்கள் காலியாகாமல் பார்த்துக்கொள்ள, அதே வருஷத்தில் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது! ஓடும் பட்டையின் முன் நின்று நாள் முழுதும் ஒரே திருகாணியைத் திருகுவது மனிதர்களுக்குப் பிடிக்கவில்லை. வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தார்கள். 1914 ஜனவரி 5-ந் தேதி, எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் என்று போர்டு அறிவித்தார். அது பழைய கூலியைப் போல் இரண்டு மடங்கு. மறுநாளிலிருந்து டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய ஹைலண்ட் பார்க் வாசலில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் குவிந்தார்கள். ஒரு வாரம் கழித்து, உறைய வைக்கும் குளிரில், அந்தக் கூட்டத்தைக் கலைக்கத் தீயணைக்கும் குழாயால் தண்ணீரைப் பீச்சினார்கள். நனைந்த துணியோடு வீடு திரும்பியவர்கள் போர்டை நேரில் கண்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கம்பெனி என்றால் அந்த வாசலும், வாசலில் நின்ற சிப்பந்திகளுந்தான்.

கூட்டத்தைத் தண்ணீரால் கலைப்பது அநாகரிகம் என்று தெரிந்தபின், கேள்வியால் கலைக்கும் வழி வந்தது. 1921-ல் தாமஸ் எடிஸன், தம்மிடம் வேலைக்கு வந்த பட்டதாரிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட பரீட்சை வைத்தார். கேள்விகள் பத்திரிகையில் வெளியாகிவிட, ஊரெல்லாம் ஒரே சிரிப்பு. ஒலியின் வேகம் என்ன என்ற கேள்விக்கு ஐன்ஸ்டீனாலேயே உடனே விடை சொல்ல முடியவில்லை. 1955-ல் ஐ.பி.எம். கம்பெனி, 'புரோகிராமர்' வேலைக்கு லாயக்கானவர்களைப் பொறுக்க எண் வரிசைகளும் உருவப் புதிர்களும் கொண்ட ஒரு பரீட்சையைத் தயாரித்தது. 2004-ல் கூகிள் கம்பெனி, கலிபோர்னியாவில் நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகையிலேயே ஒரு கணிதப் புதிரை எழுதி வைத்தது. புதிர்க் கேள்விகளால் வீண்பொழுதுதான் மிச்சம் என்று அந்தக் கம்பெனியின் ஆள் சேர்ப்பு அதிகாரியே 2013-ல் ஒப்புக்கொண்டார். ஒரே ஆளைப் பத்துத் தடவைக்கு மேலும் பேட்டி கண்டவர்கள், கணக்குப் போட்டுப் பார்த்து, நாலு பேட்டியே போதும் என்று கண்டார்கள்.

அந்தப் பத்துப் பேட்டிகளுக்கும் நாள் குறித்தவர் யார்? பரீட்சை செய்யும் பத்து இஞ்சினீயர்களின் ஓய்வு நேரத்தைத் துருவி எடுத்து, அறையை ஒதுக்கி, வெளியூரிலிருந்து வருகிறவருக்கு விமான டிக்கெட் வாங்கி, ஹோட்டல் பில்லைத் தீர்த்து, "இன்னும் முடிவாகவில்லை" என்று பத்து முறை பக்குவமாகப் பதில் எழுதுவது ஓர் உதவியாளரின் வேலை. தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆனால் தேர்வாகாதவர் மனத்தில் நிற்கும் முகமும் குரலும் பெரும்பாலும் அவருடையவை.

இனி அவருடைய சொந்த நிலைமையைக் கவனியுங்கள். கூகிளில் நிரந்தர ஊழியருக்கு வெள்ளை அட்டை, ஒப்பந்தக்காரருக்குச் சிவப்பு அட்டை. 2019 மார்ச்சில் ஒப்பந்த, தாற்காலிக ஊழியர்கள் சுமார் 1,21,000 பேர். நிரந்தர ஊழியர்கள் சுமார் 1,02,000 பேர் என்று பத்திரிகையில் கணக்கு வெளியாயிற்று. பிறருக்கு நிரந்தர உத்தியோகம் தேடித் தரும் வேலையிலேயே சிவப்பு அட்டைக்காரர்களும் இருந்தார்கள். 2022 நவம்பரில் மெட்டா கம்பெனி 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வருஷம் குறைவாகவே ஆள் எடுக்கப்போவதால், ஆள் சேர்ப்புப் பிரிவுக்கு அடி அதிகம் என்று தலைவரே எழுதினார். 2023 ஜனவரியில் கூகிளின் தாய்க் கம்பெனி 12,000 பேரை நீக்கியது. அதே வருஷம் செப்டம்பரில், ஆள் சேர்ப்புப் பிரிவில் மட்டும் மறுபடி சில நூறு பேரைக் கழித்தது.

கணக்குப்பிள்ளையின் கண்ணுக்கு இதில் தவறொன்றுமில்லை. ஆள் எடுக்காதபோது ஆள் எடுப்பவர் எதற்கு? ஆனால் எந்த நியாயத்தை இவர்கள் ஆயிரம் பேருக்குச் செய்ய வேண்டும் என்று கம்பெனி எதிர்பார்த்ததோ, அந்த நியாயத்தில் இவர்களுக்கும் பங்கு உண்டு அல்லவா? நூறு வருஷங்களுக்கு முன் மேஸ்திரியின் விரலைக் கண்டு நடுங்கியவன் வாசலுக்கு வெளியே நின்றான். இன்று வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து, புதிதாக வருகிறவரைப் புன்னகையோடு வரவேற்கிறவரே, அந்த விரல் அடுத்தபடியாகத் தம் பக்கம் திரும்புமோ என்று கவனித்தபடி இருக்கிறார்.