சாட்சி சொல்லுதல்

சாட்சி சொல்லுதல் என்பது ஒரு கிறிஸ்தவர் தம் வாழ்க்கையில் கடவுள் செய்ததாக நம்பும் ஒன்றைத் தம் வாயாலேயே பிறருக்கு எடுத்துரைப்பது. பிரசங்கம் வேதப்பகுதியை விளக்கும். உபதேசம் கோட்பாட்டைக் கற்பிக்கும். சாட்சி 'எனக்கு நடந்தது இது' என்பதோடு நின்றுவிடும். அதற்குப் படிப்பு வேண்டாம், அங்கி வேண்டாம், குருப்பட்டாபிஷேகம் வேண்டாம். இந்த மார்க்கம் பரவிய வரலாற்றில் மேடை கிடைக்காதவர்களின் பங்கு இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

சொல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. வடமொழியில் 'சாட்சி' கண்ணால் கண்டவரைக் குறிக்கும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'மார்ட்டுஸ்' என்பதும் முதலில் வழக்கில் சாட்சியம் அளிப்பவரைத்தான் குறித்தது. சொன்னதை மாற்றிச் சொல்ல மறுத்து உயிரை விட்டவர்கள் பெருகவே, அதே சொல் கொல்லப்பட்டவர்களுக்கும் பெயராயிற்று. தமிழின் 'இரத்தசாட்சி' என்ற சொல் இரு பொருளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

புதிய ஏற்பாட்டின் சாட்சிகள் பெரும்பாலும் எளியவர்கள். யோவான் நற்செய்தியின் 4-ம் அதிகாரத்தில் சமாரியப் பெண் ஒருத்தி குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு, இயேசுவைப் பற்றிச் சொல்ல ஊருக்குள் போகிறாள். மாற்கு 5-ல் குணமடைந்த மனிதன் இயேசுவோடு படகில் ஏறிவிடத் துடிக்கிறான். அவரோ அவனை வீட்டுக்குப் போய் இனத்தாரிடம் சொல்லும்படி அனுப்புகிறார். பவுல் கற்றவர்தான். ஆனாலும் தமஸ்கு சாலையில் தமக்கு நேர்ந்ததை எருசலேம் கூட்டத்தின் முன்னும் அகிரிப்பா அரசன் முன்னும் அவர் கதையாகவே சொல்கிறார்.

கி.பி. 400-ஐ ஒட்டி அகஸ்தீன் தம் மனமாற்றத்தை நூலாக எழுதினார். 1630-களில் வட அமெரிக்காவின் புதிய இங்கிலாந்தில், சபையில் சேர விரும்பியவர் தம்மில் கிருபை செயல்பட்ட விதத்தைச் சபைக்கு விவரிக்க வேண்டும் என்ற வழக்கம் வந்தது. கேம்பிரிட்ஜ் போதகர் தாமஸ் ஷெப்பர்டு அவற்றை எழுதி வைத்ததால், பணிப்பெண்களின் கதைகளும் இன்று நம் கைக்குக் கிடைக்கின்றன. 18-ம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகள் மொராவிய சகோதரர்களிடமிருந்து 'அன்பின் விருந்து' என்ற கூடுகையை எடுத்துக்கொண்டார்கள். விருந்து என்று பெயர்தான். ரொட்டியும் தண்ணீரும் கைமாறும், பிறகு யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பிரசங்க மேடை ஏற முடியாத பெண்களுக்கு அங்கே பேச்சுரிமை இருந்தது.

தென் தமிழகத்தில் நடந்தது இன்னும் சுவையானது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் சாத்தான்குளம் அருகே காலன்குடியைச் சேர்ந்த சுந்தரானந்தம் ஊரைவிட்டுப் போய்த் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று, தாவீது என்ற பெயரோடு திரும்பி வந்தார். வந்தவர் முதலில் போனது தம் உறவினர் வீடுகளுக்கு. சண்முகபுரம், விஜயராமபுரம் என்று சொந்தபந்தம் இருந்த ஊர்களிலேயே சபைகள் முளைத்தன. எதிர்ப்பு முற்றியபோது, விரட்டப்பட்டவர்களுக்காக 1799-ல் நிலம் வாங்கி ஓர் ஊரை உண்டாக்கினார்கள். அதுதான் முதலூர்.

அதே காலத்தில் திருவிதாங்கூரின் மயிலாடியைச் சேர்ந்த மகராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். சாம்பவர் சமூகத்தவரான அவர் அங்கிருந்து உறவினரைப் பார்க்கத் தஞ்சாவூருக்குச் சென்றபோது, மிஷனரி கோலாப்பின் ஆராதனையில் பேச்சைக் கேட்டார். வேதமாணிக்கம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். ஊர் திரும்பியதும் வீட்டாருக்கும் சுற்றத்தாருக்கும் சொன்னார். கேட்டவர்கள் கூடக்கூட, தங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று மறுபடியும் வடக்கே போய்க் கேட்டதும் அவரேதான். லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார். 1809-ல் அங்கே ஆலயம் எழுந்தது. 1816-ல் ரிங்கல்தௌபே விடைபெற்றபோது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே விட்டுச் சென்றார். மிஷனரி வந்தார், மக்கள் மாறினார்கள் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வரலாற்றை மயிலாடி திருப்பிப் போடுகிறது. இங்கே மக்கள்தான் மிஷனரியை அழைத்து வந்தார்கள்.

பஞ்சாபிலும் இதையே காணலாம். சியால்கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 மைல் தொலைவில் இருந்த மிராலி கிராமத்தில் தித் என்றொருவர் இருந்தார். சூரா என்ற ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். ஒரு கால் ஊனம். ஊர் ஊராய்த் தோல் வாங்கி விற்பது பிழைப்பு. 1873 ஜூனில் அவர் ஞானஸ்நானம் கேட்டு சியால்கோட்டுக்கு வந்தபோது அமெரிக்க மிஷனரி சாமுவேல் மார்ட்டின் தயங்கினார். மறுக்கக் காரணம் கிடைக்காததால் கொடுத்தார். கொடுத்த கையோடு தித் ஊருக்குத் திரும்புகிறேன் என்றது அவரை இன்னும் திகைக்க வைத்தது. புதிதாக மாறியவர்களை மிஷன் வளாகத்துக்குள் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது அந்நாள் வழக்கம்.

ஊரில் வசவும் கேலியும் காத்திருந்தன. தித் அசையவில்லை. ஆகஸ்டில் மனைவி, மகள், அண்டை வீட்டார் இருவர் ஆகியோரைத் தாமே கற்பித்து, அந்த முப்பது மைலும் நடத்தி அழைத்து வந்தார். பிறகு வழக்கம்போலத் தோல் வாங்கப் போன ஊர்களிலெல்லாம் அவர் பேச்சும் போயிற்று. 1900-க்குள் சியால்கோட் மாவட்டத்துச் சூரா மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள் ஆகியிருந்தார்கள். வளாகத்துக்குள் தங்கியிருந்தால் அவர் ஒரே ஒரு கிறிஸ்தவராக இருந்திருப்பார்.

சாட்சியைத் திட்டமிட்ட திருச்சபைப் பணியாகவே ஆக்கியவர் ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வே.சா. அசரியா, 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கலில் பொறுப்பேற்றார். அவருடைய சபை மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத மாலா, மாதிகா சமூகத்தவர். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, 'நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ' என்ற பொருளில் உறுதி சொல்ல வைத்தார். போதகர் கை வைத்து ஆசி கூறும் அதே தலையில், ஈரம் காயுமுன் அவரவர் கை. நேற்றுவரை பண்ணையாரின் வாசலில் தலை குனிந்து நின்ற கூலியாளுக்கு, சொல்லவும் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்று அந்தச் சடங்கு உணர்த்தியது. ஆண்டுதோறும் 'சாட்சி வாரம்' நடத்தி, சாதாரண கிராமத்து மக்களைப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்பினார் அசரியா.

எதிர்க்குரலும் வலுவானது. 1930-களில் காந்தியடிகள் மதமாற்ற முயற்சிகளைத் தொடர்ந்து விமரிசித்தார். ரோஜா தன் மணத்தை எடுத்துச் சொல்லிப் பரப்புவதில்லை, நல்ல வாழ்க்கையும் அப்படித்தான் என்பது அவர் வாதம். இதைக் கிறிஸ்தவர்கள் தள்ளிவிட முடியாது. நடத்தை பொய்யாக்கும் சாட்சியை ஊரே அறியும்.

1907-ல் இந்தியா வந்த அமெரிக்க மெதடிஸ்ட் ஸ்டான்லி ஜோன்ஸ் வேறொரு வழியில், வாதத்தைவிட வாழ்க்கையே பேச வேண்டும் என்ற இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். கடவுளுக்காக வாதாடும் வக்கீலாக வேண்டும் என்பது அவருடைய இளமைக்கால ஆசை. முதல் பிரசங்கத்தில் கடினமான ஒரு சொல்லைப் பயன்படுத்தியதும் ஒரு பெண் சிரித்துத் தலை குனிய, அவருக்கு எல்லாமே மறந்துபோயிற்று. உட்காரப் போனவர், கடவுள் தமக்குச் செய்ததை மட்டும் சொல்லலாமே என்று மேடையின் முன்புறம் இறங்கி வந்து சொன்னார். அன்றோடு வக்கீல் போய், சாட்சி ஆனதாக அவர் பின்னாளில் எழுதினார். 1920-களில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பலரை வட்டமாக அமர்த்தி அவர் நடத்திய 'வட்டமேசை' கூடுகைகளில் வாதம் கூடாது, பிரசங்கம் கூடாது. அவரவர் மதம் அன்றாட வாழ்வில் தமக்குத் தந்தது என்ன என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அதே அளவு பொறுமையோடு கேட்கவும் வேண்டும்.

இன்றைய தமிழ்ச் சபைகளில் சாட்சிக்கு அச்சில் வார்த்த வடிவம் ஒன்று வந்துவிட்டது: பழைய பாவம், பெரிய நோய், அற்புதச் சுகம். மேடைக்கு ஏற்பக் கதை பெரிதாகும்போது அதன் உயிர் போய்விடுகிறது. ஆனால் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து சொல்லப்படும் சாட்சி இன்னும் பழைய வடிவில்தான் இருக்கிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் போதகர் அழைத்ததும் எழுந்து வரும் மூதாட்டி, முந்தானையைச் செருகிக்கொண்டு, மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, ஆனாலும் இந்த வருஷம் முழுக்க ஆண்டவர் கைவிடவில்லை என்று முடித்து, ஒலிவாங்கியை அடுத்தவரிடம் நீட்டுகிறார்.